நடுவர் ஆட்டத்தின் நடுவே வாயால் எச்சரிக்கலாமா?

செந்தூல் சென்டர் (ஞாயிறு, இரவு 10.40)

இன்று மாலை செராஸ் பக்கம் ஒரு குடியிருப்புப் பகுதிக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடினோம். கடைசிக் கால்பகுதி, 4 புள்ளி பின்தங்கியிருந்தோம், மிச்சம் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். பந்து எங்களிடம். நான் சென்டர், கூடைக்கு அடியில் இருக்கும் கட்டமான பெயிண்டுக்குள் முதுகைக் கொடுத்து இடம் பிடித்து நிற்கிறேன். பந்து என் கைக்கு வரவும் விசில் அடிக்கவும் சரியாக இருந்தது. மூன்று வினாடி. பந்து எதிரணிக்குப் போனது, ஆட்டமும் அதோடு கைவிட்டுப் போனது.

பந்து நம் அணியிடம் இருக்கும்போது அந்தக் கட்டத்துக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது; நின்றேனா என்றால், நின்றேன். அதில் எனக்கு வழக்கு இல்லை. உறுத்துவது வேறு. அதே கால்பகுதியில் எதிரணி சென்டர் எங்கள் கூடைக்கு அடியில் நின்றபோது நடுவர் "சான் மியாவ், சான் மியாவ்" என்று மாண்டரினில் சொன்னதை நானே கேட்டேன். மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். "மூன்று வினாடி" என்று அர்த்தம், இத்தனை வருடம் ஆடியதில் அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் காலை வெளியே எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வந்தான். விசில் வரவே இல்லை. எனக்கு மட்டும் ஒரு வார்த்தைகூட இல்லாமல் நேராக விசில்.

நடுவர் ஒருதலையாக நடந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் முகத்தில் அப்படி எதுவும் தெரியவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே யோசனை. நடுவர் வாய் திறக்கலாமா? திறந்தால் யாரிடம், எந்த மொழியில்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சட்டப்படி மட்டும் (ஞாயிறு, இரவு 11.05)

திறக்கக் கூடாது. 8 வினாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டவில்லை என்றால் "சீக்கிரம் போ" என்று நடுவர் சொல்கிறாரா? 24 வினாடி முடியப் போகிறது, எறி என்கிறாரா? மூன்று வினாடிக்கு மட்டும் எதற்குச் சலுகை? எண்ணுவதும் ஊதுவதும்தான் அவர் வேலை. ஆட்டக்காரனுக்குப் பாடம் சொல்லத்தான் பெஞ்சில் பயிற்றுநர் இருக்கிறார்.


பிறை விசில் (திங்கள், காலை 6.50)

தம்பி செந்தூல், பினாங்கு பெருநிலத்தில் பள்ளி ஆட்டங்களுக்கும் உள்ளூர்ப் போட்டிகளுக்கும் 11 வருடமாக விசில் ஊதுகிறேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன், ஆனாலும் இதைப் பாதியில் விட மனம் வரவில்லை.

நாங்கள் பேசுவோம். பேசித் தடுக்க முடிந்ததைப் பேசித் தடு என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஃபீபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியிலேயே இதற்கு இடம் உண்டு. டெக்னிக்கல் பவுலுக்கான, அதாவது நடத்தைத் தவறுக்கான, காரணங்களை அடுக்கும் இடத்தில், நடுவர் தந்த எச்சரிக்கையை மதிக்காமல் இருப்பதும் ஒரு காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. எச்சரிக்கையே கூடாது என்றால் இந்த வரிக்கு என்ன வேலை?

ஆனால் எதற்குப் பேசலாம் என்பதில் ஒரு வரம்பு உண்டு. பந்து வருவதற்கு முன் பெயிண்டில் இருவர் முட்டிக்கொண்டு நிற்கும்போது, தற்காப்பு ஆள் பந்து வைத்திருப்பவன் இடுப்பில் கையை வைக்கப் போகும்போது, ப்ரீ த்ரோவுக்கு (தடுப்பார் இல்லாமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) வரிசையில் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளத் தொடங்கும்போது, இங்கெல்லாம் ஒரு சொல் போதும். இங்கே நாங்கள் "தாங்கான், தாங்கான்" என்போம், கையை எடு என்று. மூன்று வினாடிக்கு "தீகா சாஆட்". தவறு முளைக்கும்போது பேசலாம். தவறால் ஒருவருக்கு லாபம் கிடைத்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை, விசில்தான்.

சட்டப்படி நண்பருக்கு ஒன்று. 24 வினாடியையும் மூன்று வினாடியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 24 வினாடிக்குக் கடிகாரம் இருக்கிறது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மூன்று வினாடியை நான் மனத்துக்குள் எண்ணுகிறேன், அதுவும் வேறு பத்து விஷயங்களைப் பார்த்துக்கொண்டே. அதோடு, ஆட்டக்காரர் கட்டத்தை விட்டு வெளியேற முயன்றுகொண்டிருந்தாலோ, அவரோ அவர் அணியினரோ கூடைக்குப் பந்தை எறியும் நிலையில் பந்து கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாலோ பொறுத்துக்கொள்ளச் சொல்வதும் விதியேதான். நான் "மூன்று வினாடி" என்று சொன்னவுடன் ஒருவர் காலை நகர்த்தினால் அவர் வெளியேற முயல்கிறார். ஊத வேண்டிய அவசியம் அங்கேயே தீர்ந்துபோகிறது.


பட்டர்வொர்த் அம்மா (திங்கள், காலை 9.30)

எனக்கு விதி அவ்வளவாகத் தெரியாது. என் மகளுக்கு 12 வயது, பள்ளி அணியில் ஆடுகிறாள். தமிழர் வீட்டுப் பிள்ளைகள் கூடைப்பந்துப் பக்கம் போவதே குறைவு. அவள் அணியில் இவள் ஒருத்திதான், அதனால் ஒரு ஆட்டம் விடாமல் போய் உட்கார்ந்துவிடுவேன்.

சில நடுவர்கள் பிள்ளைகள் ஆட்டத்திலும் பத்து வினாடிக்கு ஒரு விசில் ஊதுகிறார்கள். ஊதிவிட்டுக் கையால் ஏதோ சைகை காட்டிவிட்டு கணக்கு எழுதும் மேசைப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். என்ன தப்பு செய்தோம் என்று பிள்ளைகளுக்குப் புரிவதே இல்லை. ஒரு தடவை என் மகள் இரண்டாம் கால்பகுதி முடிவதற்குள் ஐந்து பவுலும் வாங்கி வெளியே வந்தாள். பெஞ்சில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஐந்தும் ஒரே தவறு, கையை முன்னால் நீட்டுவது. முதல் தடவையே யாராவது "கையை மேலே தூக்கு" என்று சொல்லியிருந்தால் மற்ற நாலும் நடந்திருக்குமா?

வேறொரு நடுவர் இருந்தார். வயதானவர், பெயர் தெரியாது. பந்து வெளியே போகும்போதெல்லாம் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை சொல்லுவார். இரு அணிக்கும் சொல்லுவார். அன்று ஆட்டம் எவ்வளவு அழகாக ஓடியது தெரியுமா!


சட்டப்படி மட்டும் (திங்கள், மதியம் 1.15)

அக்கா, 12 வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அங்கே நடுவரும் பாதி ஆசிரியர்தான். நான் பேசுவது பெரியவர்கள் ஆட்டம் பற்றி.

பிறை அண்ணே, நீங்கள் சொன்ன "தாங்கான்" விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நான் கார்டாக ஆடுகிறவன், பந்தைக் கொண்டு போகிறேன். தற்காப்பு ஆள் என் இடுப்பில் கை வைக்கிறான், என் வேகம் போய்விட்டது. நீங்கள் "தாங்கான்" என்கிறீர்கள். அவன் கையை எடுக்கிறான். எல்லோருக்கும் திருப்தி. ஆனால் நான் இழந்த அந்த அரை அடியை யார் திருப்பித் தருவார்கள்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு கால்பகுதியில் ஓர் அணி நாலு பவுலைத் தாண்டினால், ஐந்தாவதிலிருந்து எங்களுக்கு இரண்டு ப்ரீ த்ரோ. நீங்கள் பேச்சாலே தீர்த்துவைத்த ஒவ்வொரு பவுலும் அந்தக் கணக்கில் ஏறாமல் போகிறது. பேச்சுக்கு மூன்று, விசிலுக்கு மூன்று என்று போனால், அந்த அணி ஆறு தவறு செய்தும் மேசையில் மூன்றுதான் எழுதியிருக்கும். ஒழுங்காகக் கையைப் பின்னால் வைத்து ஆடிய எங்கள் அணிக்கு அதனால் என்ன கிடைத்தது?


கபடி மாறன் (திங்கள், மாலை 5.20)

நான் கபடி ஆள், கூடைப்பந்து பார்ப்பதோடு சரி. எங்களிடம் பச்சை அட்டை என்றால் எச்சரிக்கை, மஞ்சள் என்றால் 2 நிமிடம் வெளியே, சிவப்பு என்றால் ஆட்டத்தை விட்டே வெளியே. பச்சை அட்டையைத் தூக்கினால் மைதானத்தில் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் தெரியும். யாரிடம் சொன்னார், என்ன சொன்னார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கால்பந்தில் அட்டை எப்படி வந்தது என்று தெரியுமா? உங்கள் கேள்விக்கு அதில் நேரான பதில் இருக்கிறது. 1966 உலகக் கிண்ணக் காலிறுதி, வெம்பிளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. நடுவர் ருடோல்ஃப் கிரைட்லைன் ஜெர்மானியர், அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. அர்ஜென்டினா கேப்டன் ரத்தீனை வெளியேறச் சொல்கிறார், ரத்தீனுக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அவர் போகாமல் நிற்க, ஆட்டம் பல நிமிடம் நின்றுபோனது. அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆங்கிலேயரான கென் ஆஸ்டன். காரில் போகும்போது போக்குவரத்து விளக்கைப் பார்த்த இடத்தில்தான் அவருக்கு மஞ்சள், சிவப்பு யோசனை வந்தது. 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் வந்துவிட்டன.

ஆக, வாயால் மட்டும் எச்சரித்தால் மொழி தெரியாதவன் மாட்டிக்கொள்வான் என்று கால்பந்துக்காரர்கள் அறுபது வருடத்துக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். நம் ஊரில் ஒரு கோர்ட்டில் நாலு மொழி ஓடுகிறது. செந்தூல் தம்பிக்கு நடந்ததும் இதுதான் என்று எனக்குப் படுகிறது.


செந்தூல் சென்டர் (திங்கள், இரவு 8.10)

மாறன் அண்ணே, இதைப் படித்தபோது ஒரு நிமிடம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் சொல்ல நினைத்துச் சொல்ல வராததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

எங்கள் அணியில் மூன்று பேருக்கு மாண்டரின் ஒரு சொல்கூடத் தெரியாது. நடுவர் பேசுவது அவர்களுக்குச் சத்தமாக மட்டுமே கேட்கிறது. மற்றவர்கள் அதைக் கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்கிறார்கள். நாங்கள் விசில் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறோம். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. மனிதன் அவசரத்தில் வீட்டு மொழியில்தான் பேசுவான், நானும் அப்படித்தான். ஆனால் பலன் ஒரு பக்கம் மட்டும் போய்ச் சேர்கிறது.


மூன்றுபுள்ளி (திங்கள், இரவு 9.00)

அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.யில் எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் எழுதி வைத்த எச்சரிக்கை. ஆட்டத்தை வேண்டுமென்றே தாமதப்படுத்தினால் முதல் தடவை அணிக்கு எச்சரிக்கை, அடுத்த தடவை டெக்னிக்கல். அடிபட்டதுபோல் நடித்து விழுவதற்கும் 2012இல் அப்படித்தான் தொடங்கினார்கள். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது 5,000 டாலர் அபராதம், ஆனால் இதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு அலுவலகத்திலிருந்து வரும். 2023இல்தான் ஆட்டத்திலேயே டெக்னிக்கல் என்று கொண்டுவந்தார்கள்.

பேச்சுவார்த்தை அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு 2007 ஏப்ரலில் என்.பி.ஏ. ஆட்டக்காரர் டிம் டங்கனுக்கு நடந்தது போதும். பெஞ்சில் உட்கார்ந்து சிரித்ததற்கு நடுவர் ஜோயி கிராஃபோர்ட் இரண்டாவது டெக்னிக்கல் கொடுத்து வெளியே அனுப்பினார். ஆட்டத்தில் வாய்விட்டுக் கத்தாத ஆள் டங்கன்! அந்தப் பருவம் முடியும்வரை நடுவரை லீக் ஒதுக்கி வைத்தது.


பிறை விசில் (திங்கள், இரவு 11.25)

சட்டப்படி தம்பி, உங்கள் பவுல் கணக்கை மதியத்திலிருந்து மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்வது உண்மை. பேச்சு இலவசம் இல்லை, அதன் விலையை எதிரணி கொடுக்கிறது. அதனால்தான் நான் எனக்கே ஒரு கட்டு வைத்திருக்கிறேன்: ஓர் ஆளுக்கு ஒரு தடவை. இரண்டாவது தடவை அதே கை அதே இடுப்பில் இருந்தால் ஊதிவிடுவேன். முதல் தடவையே உங்கள் வேகம் உடைந்திருந்தால் அப்போதே ஊத வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. சத்தமாகவும் சொல்லுவேன், பத்துப் பேர் காதிலும் விழும்படி. காதோடு காதாகச் சொன்னால் அது எச்சரிக்கை ஆகாது, ரகசியம் ஆகிவிடும்.

கபடித் தம்பி சொன்ன கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கை எங்கள் விதியிலும் ஓர் இடத்தில் இருக்கிறது. நான்காம் கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்திலும் கூடுதல் நேரத்திலும், ஒருவர் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியும்போது, நடுவர் பந்தைக் கொடுக்கும் முன் எல்லைக்கோட்டை ஒட்டிக் கையை அசைத்துக் காட்ட வேண்டும். "கோட்டைத் தாண்டிக் கையை நீட்டாதே" என்று அர்த்தம். காட்டிய பிறகும் தற்காப்பு ஆள் உடம்பைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தடுத்தால் நேராக டெக்னிக்கல், ஒரு ப்ரீ த்ரோ. அந்தச் சைகைக்கு மாண்டரின் வேண்டாம், மலாய் வேண்டாம், தமிழும் வேண்டாம்.

சரி, செந்தூல் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் ஆட்டத்தில் இரண்டு நடுவரா, மூன்று நடுவரா? மாண்டரினில் பேசியவரும் உங்களுக்கு ஊதியவரும் ஒரே ஆளா?


செந்தூல் சென்டர் (செவ்வாய், காலை 7.15)

இரண்டு நடுவர்தான். ஒரே ஆளா என்பது… யோசித்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை அண்ணே. எங்கள் கார்டின் தம்பி படியில் உட்கார்ந்து போனில் படம் பிடித்தான். இரவு வாங்கிப் பார்க்கிறேன்.


பிறை விசில் (செவ்வாய், காலை 7.40)

பாருங்கள். ஏன் கேட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நடுவர் முறையில் ஒருவர் கூடைக்குப் பக்கத்தில் கடைக்கோட்டில் நிற்பார், மற்றவர் பின்னால் இருந்து வருவார். பந்து கை மாறி ஆட்டம் எதிர்ப்பக்கம் ஓடினால், பின்னால் இருந்தவர் முன்னால் ஓடி அடுத்த கூடையின் கடைக்கோட்டுக்குப் போவார். இதை மனத்தில் வரைந்து பாருங்கள். பவுல் விழுந்து இருவரும் இடம் மாறிக்கொள்ளும்வரை, ஒரு கூடைக்கு அடியில் எப்போதும் ஒரே நடுவர், மறு கூடைக்கு அடியில் எப்போதும் மற்றவர். பெயிண்டுக்குள் நிற்பவரோடு பேசுவது பெரும்பாலும் கடைக்கோட்டு ஆள்தான்.

இப்போது ஒருவர் பேசுகிற நடுவர், மற்றவர் பேசாத நடுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அணியின் சென்டருக்கு மட்டும் எச்சரிக்கை போய்க்கொண்டே இருக்கும். அடுத்த அணி சென்டருக்கு விசில் மட்டும். இரு நடுவரும் நேர்மையானவர்கள், இருவரும் தத்தம் முறையில் சரி, ஆனால் சேர்த்துப் பார்த்தால் அநியாயம்.

இதை நானே செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு பள்ளி இறுதியாட்டம். நான் வாய் ஓயாமல் பேசுகிறவன், என் ஜோடி ஒரு சொல் பேசாதவர். ஆட்டம் முடிந்து தோற்ற அணிப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், அவனுக்கு மட்டும் சொன்னீர்களே" என்றான். கோபப்படவில்லை, கண் கலங்கியிருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அதிலிருந்து ஆட்டத்துக்கு முன் ஜோடியோடு உட்கார்ந்து, எதற்குப் பேசுவோம், எத்தனை தடவை, என்ன சொல் என்று முடிவு செய்யாமல் கோர்ட்டுக்குள் கால் வைப்பதில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகாது.


சட்டப்படி மட்டும் (செவ்வாய், காலை 10.05)

இந்த விளக்கத்தை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இத்தனை நாள் ஆடியும் நடுவர் யார் எங்கே நிற்கிறார் என்று கவனித்ததே இல்லை. பேசவே கூடாது என்ற என் கருத்தை முழுதாக விடவில்லை. ஆனால் இருவரும் ஒரே அளவில் பேசுவதாக இருந்தால், ஆளுக்கு ஒரு தடவைக்கு நான் ஒத்துக்கொள்கிறேன்.


செந்தூல் சென்டர் (செவ்வாய், இரவு 10.30)

படத்தை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு வேறு ஆட்கள் அண்ணே. பேசியவர் கண்ணாடி போட்டவர். எதிரணி கூடை போட வந்த பக்கத்தில் கடைசி மூன்று நிமிடமும் கடைக்கோட்டில் அவர்தான் நிற்கிறார். நாங்கள் கூடை போடும் பக்கத்தில் உயரமான இளைஞர். அவர் யாரிடமும் பேசவே இல்லை, எங்கள் பக்கம் மட்டுமல்ல, இடம் மாறியிருந்த முதல் பாதியிலும் எதிரணியிடம் பேசவில்லை. அந்தப் பாதியில் எதிரணி சென்டருக்கும் ஒரு மூன்று வினாடி விசில் கொடுத்திருக்கிறார். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ஞாயிறு முதல் மனத்துக்குள் அந்த மனிதரை வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு.

அடுத்த ஆட்டத்துக்கு முன் நானாகப் போய் நடுவர்களிடம் இதைக் கேட்கலாமா?


பிறை விசில் (செவ்வாய், இரவு 10.50)

கேப்டன் போகட்டும். ஆட்டம் தொடங்கிய பிறகும் பந்து நின்று கடிகாரம் நின்றிருக்கும்போது கேப்டன் மரியாதையாக நடுவரிடம் விளக்கம் கேட்கலாம், விதி இடம் கொடுக்கிறது. ஆனால் இதைத் தொடங்கும் முன்பே கேட்பது நல்லது. குற்றம் சொல்கிற குரல் வேண்டாம். "எங்களில் சிலருக்கு மாண்டரின் தெரியாது, மூன்று வினாடிக்கு மலாயில் சொல்ல முடியுமா" என்று கேட்டால் மறுக்கிற நடுவரை நான் பார்த்ததில்லை. விரலை மூன்றாக விரித்துக் காட்டினாலும் போதும்.


பட்டர்வொர்த் அம்மா (புதன், காலை 8.20)

நான் இதை என் மகளின் பயிற்றுநரிடம் படித்துக் காட்டப் போகிறேன்.


செந்தூல் சென்டர் (அடுத்த ஞாயிறு, இரவு 9.15)

இன்று அதே கோர்ட், வேறு இரண்டு நடுவர்கள். நான்கு மணிக்கு மழை பிடித்துக்கொண்டு ஐந்தேகாலுக்குத்தான் ஆட்டம் தொடங்கியது. காத்திருந்த நேரத்தில் எங்கள் கேப்டனும் நானும் போய் மலாயில் கேட்டோம். மூத்தவர் ஒரு கணம் யோசித்தார், இளையவரைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் தனியாகப் பேசினார், எதிரணி கேப்டனையும் வரச் சொன்னார். மூன்று வினாடிக்கு இருவரும் "தீகா சாஆட்" என்று சத்தமாகச் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு பாதியில் ஒரு தடவை, அதற்குப் பிறகு விசில் என்று எங்கள் இருவர் முன்னாலும் சொன்னார்.

முதல் பாதியில் எனக்குச் சொன்னார்கள், வெளியே வந்தேன். எதிரணி சென்டருக்கும் சொன்னார்கள், அவனும் வந்தான். இரண்டாம் பாதியில் எனக்கு மறுபடி ஒரு தடவை. அதற்கு அடுத்த தடவை நகரத் தாமதித்தேன், விசில் வந்தது. பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் தற்காப்புக்கு ஓடினேன்.

6 புள்ளியில் தோற்றோம்.